அனுமதிக்கு நன்றி

பிரைம்லி கிராமத்தில் இடிந்த சிற்றாலயத்துக்குப் போகும் பாதையை மெர்வின் ஸ்பர்லிங் தன் மரியாதையாலேயே தொலைக்கப் பார்த்தார். இதை இப்போது அவரே மதுக்கடையில் உட்கார்ந்து, மீசையில் பீர் நுரையோடு, யார் கேட்டாலும் சொல்கிறார். கேட்காவிட்டாலும் சொல்கிறார். ஆகவே நாமும் சொல்வதில் தப்பில்லை.

மெர்வின் அரசாங்கத்தில் நிலஅளவைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த வாரமே 'பிரைம்லி வரலாற்று நடைக் குழு' என்று ஒன்றைத் தொடங்கி, தலைவர், செயலாளர், வழிகாட்டி மூன்று பதவியையும் தானே எடுத்துக்கொண்டார். போட்டிக்கு யாரும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தேவாலய வாசலில் கூடி, ஆட்டு மேய்ச்சல் நிலங்களைக் கடந்து, ஓடையைத் தாண்டி, மேட்டின் மேல் பாதிச் சுவரும் ஒரு ஜன்னலுமாக நிற்கும் சிற்றாலயம் வரை நடப்பார்கள். அங்கே மெர்வின் அரைமணி நேரம் பேசுவார். பிறகு எல்லோரும் பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

தன் பேச்சின் மேல் மெர்வினுக்கு இருந்த நம்பிக்கைக்கு அளவே கிடையாது. வாரக்கணக்கில் குறிப்பு எடுப்பார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பார். பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று சொல்லும்போது எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதுகூட அவர் குறிப்பில் இருக்கும். அவர் மனைவி பெரில், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, அதிகம் பேசாதவள், குழுவின் கடைசியில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடப்பாள். அவர் பேசும்போது எங்கோ ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இந்தப் பாதை வழியில் பிராக்டர் என்ற கிழவனாரின் பண்ணை நிலம் இருந்தது. குழு தொடங்கிய முதல் மாதம் பிராக்டர் டிராக்டரில் எதிரே வந்தார். மெர்வின் தொப்பியைக் கழற்றி, "நாங்க இப்படி நடந்து போறதுல உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்று கத்திக் கேட்டார். டிராக்டர் இரைச்சலில் பிராக்டர் ஒரு கையைத் தூக்கினார். ஈயை விரட்டினாரோ என்னவோ. மெர்வின் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கி, 'தங்கள் நிலத்தின் வழியே நடக்க அனுமதித்தமைக்குக் குழுவின் மனமார்ந்த நன்றி' என்று எழுதி, தான் காய்ச்சிய ஆரஞ்சு மார்மலேட் ஒரு பாட்டிலோடு பண்ணை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வருடமும் வைத்தார். இருபத்திரண்டு வருடம் வைத்தார். பிராக்டர் ஒரு தடவைகூட வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. போதாததற்கு ஒவ்வொரு நடையிலும், பண்ணை நிலத்துக்குள் இறங்கும் வேலிப்படியில் மெர்வின் ஏறி நின்று, "திரு. பிராக்டரின் அன்பான அனுமதியோடு இங்கே நுழைகிறோம்" என்று அறிவிப்பார். அவர் அச்சடித்த நடைக் கையேட்டின் நான்காம் பக்கத்திலும் அது கொட்டை எழுத்தில் இருந்தது.

பிராக்டர் இறந்தார். பண்ணையை லண்டனிலிருந்து வந்த கிறிஸ்பின் லாங் என்பவர் வாங்கினார். மூன்றாம் மாதம் வேலிப்படி இருந்த இடத்தில் பூட்டுப் போட்ட இரும்புக் கதவு முளைத்தது. 'தனியார் நிலம்' என்று ஒரு பலகையும் தொங்கியது.

ஊர் கொதித்துப் போனது. மெர்வின் கொதிக்கவில்லை, மலர்ந்தார். வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தவர் போல மூன்று கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மதுக்கடைக்கு வந்து, கடைக்காரி மோரீனிடமும் ஓய்வுபெற்ற தபால்காரர் செட்ரிக்கிடமும் சட்டத்தை விளக்கினார். வரைபடத்தில் இல்லாத பாதையாக இருந்தாலும், ஜனங்கள் இருபது வருடம் ஒளிவுமறைவில்லாமல், யாரையும் கேட்காமல், தங்கள் சொத்துப்போல நடந்திருந்தால் அது பொதுப்பாதை ஆகிவிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் மூட முடியாது.

"அவ்வளவுதானா? நாம நடந்திருக்கோமே," என்றாள் மோரீன்.

"நாப்பது பேர் எழுதிக் கொடுத்தா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றார் மெர்வின்.

யாரையும் கேட்காமல் என்ற இரண்டு வார்த்தையைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகக் கோழிக்கறி அடைத்த ரொட்டி சாப்பிட்டார். அவருக்கு அப்போது உறைக்கவில்லை. சட்டத்தில் அவ்வளவு ஊறியவர்.

நாற்பத்தோரு பேர் எழுதிக் கொடுத்தார்கள். பெரிலிடமும் படிவத்தை நீட்டினார். அவள் அதைப் படித்துப் பார்த்து, மேசையில் வைத்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றாள். மெர்வின் தன் நடை நாட்குறிப்புகள் இருபத்திரண்டையும் நகலெடுத்து, எண்ணிட்டு, ஆதாரமாகச் சேர்த்தார். விசாரணைக்கு மார்ச் மாதத்தில் நாள் குறித்தார்கள்.

விசாரணை ஊர்க் கூடத்தில் நடந்தது. அரசாங்கத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒரு மூலையில் தேநீர்ப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. முதல் சாட்சி மெர்வின். புதுக் கழுத்துப் பட்டை கட்டியிருந்தார். ஒரு மணி நேரம் பேசினார். அதிகாரி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்ததை அவர் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு லாங்கின் வக்கீல் எழுந்தாள். இளம்பெண், குரல் உயர்த்தாதவள். மேசைக்கடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"இது பண்ணை வீட்டுப் பரண்ல கிடைச்சது, திரு. ஸ்பர்லிங். இந்த அட்டைங்கள்ல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

மெர்வின் பெட்டிக்குள் பார்த்தார். இருபத்திரண்டு கிறிஸ்துமஸ் அட்டைகள், வருட வரிசைப்படி, நூல் கட்டி. சொன்னால் வெட்கக்கேடு, முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கிழவர் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறாரே என்று நெஞ்சு விம்மியது.

"ஆமா, என்னோடதுதான்," என்றார் சந்தோஷமாக.

"ஒண்ணைப் படிங்க."

படித்தார். 'அனுமதித்தமைக்கு' என்ற இடத்துக்கு வந்தபோது குரல் இறங்கியது.

"அனுமதி வாங்கி நடந்தா அது நிலக்காரர் காட்டின தயவு. நூறு வருஷம் நடந்தாலும் தயவுதான். உரிமை இல்ல. சட்டம் உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும்," என்றார் மெர்வின்.

"உங்க குழுவுக்கும் இதைச் சொல்லியிருக்கீங்க?"

"ஒவ்வொரு மாசமும். வேலிப்படியில நின்னு." பொய் சொல்லத் தெரியாத மனிதர். கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். "கையேட்டுலயும் இருக்கு. நாலாம் பக்கம்."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். எழுதிக் கொடுத்த நாற்பத்தோரு பேரும் மெர்வினோடு நடந்தவர்கள், அனுமதி பற்றி அவர் வாயாலேயே கேட்டவர்கள், ஆகவே அந்த நாற்பத்தொன்றும் செல்லாது என்பது அவள் வாதம். அதிகாரி மதிய உணவுக்காக விசாரணையை ஒத்திவைத்தார்.

மெர்வின் கூடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஊரின் பாதையில் தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. அதுவும் மார்மலேடோடு. இனி இந்த ஊரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. வேறு யாரும் பாதையை இப்படித் தொலைத்திருக்க முடியாது. திருடன்கூட முடியாது, அவன் நன்றி அட்டை எழுதமாட்டான்.

மோரீனும் செட்ரிக்கும் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

"மெர்வின் கண்ணு, ஒண்ணு கேக்கணும்," என்றாள் மோரீன். "அந்த வேலிப்படியில நீ நெஜமாவே அப்படிச் சொல்வியா என்ன?"

"ஒவ்வொரு தடவையும் சொன்னேனே! நீ எனக்கு நேர் கீழதானே நிப்பே!"

"நிப்பேன். ஆனா நீ ஏதோ சொல்லுவே, நான் அடுத்த வாரம் எத்தனை பீப்பா சொல்லணும்னு கணக்குப் போட்டுக்கிட்டிருப்பேன். சத்தியமா ஒரு வார்த்தை காதுல விழுந்ததில்ல."

செட்ரிக் காதைத் தொட்டுக் காட்டினார். "நீ படியில கால் வச்சதும் நான் இந்தக் காது மெஷினை அணைச்சிடுவேன். பாட்டரி மிச்சம் பாரு."

"இருபத்திரண்டு வருஷமாவா?"

"அதுல பதினெட்டு வருஷம்தான் மெஷின். அதுக்கு முன்னாடி சும்மாவே கேக்க மாட்டேன்."

மெர்வின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காதில் விழாத அனுமதி அனுமதி ஆகாது, அப்படியானால் பாதைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சந்தோஷப்படுவதா, தொட்டிக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்வதா என்று அவருக்குப் புரியவில்லை.

மதியத்துக்குப் பிறகு ஊரே வரிசையாக வந்து சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தது. ஆளுக்கு ஆள் சத்தியம் செய்தார்கள். மெர்வின் பேசும்போது தான் ஸ்வெட்டர் பின்னுவதாக ஒருத்தி சொன்னாள். ஒருவர் பறவைகளை எண்ணுவாராம். கையேட்டைப் பற்றிக் கேட்டதற்கு, சமையலறை மேசையின் ஆட்டத்துக்கு முட்டுக் கொடுத்திருப்பதாகவும், நாலாம் பக்கம் வரை போக வேண்டிய அவசியம் நேரவில்லை என்றும் மோரீன் சொன்னாள். கூடம் சிரித்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மெர்வினும், வேறு வழியில்லாமல், கூடச் சேர்ந்து சிரித்தார்.

வரிசை முடிந்ததும் அதிகாரி நடைக் குழுவின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். "திருமதி பெரில் ஸ்பர்லிங் சாட்சி சொல்றாங்களா?"

பெரில் நாற்காலியில் இருந்தபடியே தலையை ஆட்டினாள். "இல்லைங்க."

மெர்வின் திரும்பிப் பார்த்தார். ஊரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் வந்து சொல்கிறான், கட்டின மனைவி எழுந்து வர மாட்டேன் என்கிறாள். அன்று பட்ட அத்தனை அவமானத்திலும் இது ஒன்றுதான் அவருக்கு வலித்தது.

வக்கீல் மறுபடி எழுந்தாள். "எல்லாருக்கும் பாதை வேணும். அதனால எல்லாரும் கேக்கலைன்னு சொல்றாங்க. இத்தனை பேரும் இத்தனை வருஷமும் ஒரு வார்த்தைகூடக் கேக்கலைன்னா யார் நம்புவா? வெறும் வாய்வார்த்தைக்கு மேல ஒரு ஆதாரம் உண்டா?"

அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. பேனாவை மூடிவைத்துக் கூடத்தைப் பார்த்தார்.

மெர்வினுக்குத் தெரியும். ஆதாரம் இருந்தது. பதினோரு வருடமாக அவர் தனக்கே காட்டாமல் ஒளித்து வைத்திருந்த ஆதாரம். அதைச் சொன்னால் பாதை பிழைக்கும். சொன்ன பிறகு வேலிப்படியில் ஏறி நின்று வாயைத் திறக்க அவருக்கு முகம் இருக்காது. சொல்லாவிட்டால், கொஞ்சம் பேராவது கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே காலத்தை ஓட்டலாம். நடக்கத்தான் இடம் இருக்காது. அவர் எழுந்தார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"ஒரு ஏப்ரல் மாசம் என் குறிப்பெல்லாம் மாறிப் போச்சு. ரோமானியர் போட்ட பழைய சாலையையும் முகாமையும் பத்தின குறிப்பைச் சிற்றாலயத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். கிறிஸ்தவப் பலிபீடத்தைக் காட்டி, இதுதான் சிப்பாய்ங்க குளிக்க வெந்நீர் போட்ட அடுப்புன்னு அரைமணி நேரம் பேசினேன். வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். எல்லாரும் கை தட்டியிருந்தாங்க."

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அதோட நிக்கலைங்க. அடுத்த மாசம் வேணும்னே பண்ணினேன். பாத்துடலாம்னு. ரோமானியத் தளபதி இந்தச் சுவத்துல பதினேழு யானையைக் கட்டி வச்சிருந்தாருன்னு சொன்னேன். பிரைம்லியில. யானை." அவர் தொண்டையைச் செருமினார். "யாரும் ஒண்ணும் கேக்கலை. செட்ரிக் மட்டும், ரொம்ப நல்லா இருந்தது மெர்வின்னு சொல்லிக் கேக் குடுத்தான்."

"ஐயோ," என்றார் செட்ரிக்.

"இதுவும் வாய்வார்த்தைதானே?" என்றாள் வக்கீல்.

"இல்லைங்க. அன்னிக்குச் சாயந்திரமே நாட்குறிப்புல எழுதினேன். நாட்குறிப்பு உங்க கைல இருக்கற கட்டுலயே இருக்கு. பதினோராவது புத்தகம், மே மாசம்."

வக்கீல் கட்டைப் பிரித்துப் புரட்டினாள். பக்கம் கிடைத்தது. அவள் தனக்குள் படித்தபோது முகம் மாறியது. அதிகாரி சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"'இரண்டாம் ஞாயிறு. லேசான தூறல். பத்தொன்பது பேர். யானைகளைப் பற்றிச் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. வழக்கமாகவே யாரும் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். இனி இதைப் பற்றி யோசிக்கப் போவதில்லை.'"

விசாரணைக்கு ஆறு வாரம் முன்பே கட்டைக் கொடுத்திருந்தார் மெர்வின். இரு தரப்பிலும் அதையும் யாரும் படித்திருக்கவில்லை. இந்த முறை கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மோரீன் கைக்குட்டையைத் தேடினாள். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் எழுதினார்.

தீர்ப்பு வர பதினோரு வாரம் ஆகும் என்றார்கள். மெர்வின் அத்தனை நாளும் வீட்டில் கடனே என்று இருந்தார். குறிப்புகளை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பெரிலோடு பேச்சு குறைந்து போனது. ஒரு நாள் காலை முட்டை சாப்பிடும்போது தாங்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"ஊரே வந்து சொல்லிச்சு. நீ ஒருத்தி வந்து, 'நானும் கேக்கலை'ன்னு சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு? அதுவா கஷ்டம்?"

"தீர்ப்பு வரட்டும்," என்றாள் பெரில். கோபமாக இருக்கிறாளா, ஊர் முன்னால் அசிங்கப்பட்டதில் வெட்கமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தோட்டத்துக்குப் போய்த் தேவையே இல்லாமல் புதர்களை வெட்டினார்.

ஜூன் முதல் வாரம் கடிதம் வந்தது. மெர்வின் உறையைத் தொட மாட்டேன் என்றார், பெரில்தான் கிழித்தாள். பதினான்கு பக்கத்தையும் விடாமல் படித்தாள். மெர்வின் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொதுப்பாதைதான்," என்றாள் கடைசியில். "கதவை எடுத்தாகணும். இனிமே யாரும் மூட முடியாது."

மெர்வின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெரில் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"பதினேழு இல்ல, மெர்வின்," என்றாள்.

"எது?"

"யானை. நீ அன்னிக்குச் சொன்னது பதினாலு. விசாரணையில பதினேழுன்னு தப்பாச் சொன்னே. பதினாலுல ஒண்ணு நொண்டின்னும் சொன்னே. ஓடைத் தண்ணி அதுக்கு ஒத்துக்கலைன்னு சொன்னே."

மெர்வின் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அதுக்கு முந்தின மாசம் வெந்நீர் அடுப்பு. சிப்பாய்ங்க அறுநூறு பேர்னு சொன்னே. குறிப்பு மாறிப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுது. பாவம், சொன்னா நீ சங்கடப்படுவேன்னு விட்டுட்டேன். வேலிப்படியில நீ சொன்னதையும் கேட்டேன். ஒவ்வொரு மாசமும். அந்த நாற்காலியில உக்காந்து சத்தியம் பண்ணியிருந்தா நான் என்னன்னு சொல்லியிருப்பேன்?"

எண்பத்துமூன்று வயதுக் கிழவர் சமையலறையில் உட்கார்ந்து, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதார். பெரில் எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

"அழுதது போதும்," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஞாயிறு. கட்டிலுக்கடியில இருக்கற பெட்டியை எடு. அந்தப் பன்னெண்டாம் நூற்றாண்டுல இன்னும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."